உருளாத வருஷம்

"பதினோரு வருஷம் உருண்டுட்டேன் சிஸ்டர். இன்னும் தூக்கம் வரல."

இஞ்ஞாசி வந்ததும் வராததுமாகச் சொன்னது இதுதான். உட்காரக்கூட இல்லை.

கித்தேரி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேக்குதா?"

"கேக்குது. தூக்கம் வரலன்னா ஆஸ்பத்திரியில மாத்திரை தருவாங்க."

இஞ்ஞாசிக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த வள்ளம், ரெண்டு என்ஜின், கோயில் கமிட்டியில் இடம். இராயப்பன்துறையில் அவரிடம் இப்படிப் பேச வேறு ஆள் கிடையாது.

கித்தேரிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பன்னிரண்டு வருஷம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு ஒரு நாள் வெளியே வந்தவள். ஏன் வந்தாள் என்று ஊர் மூன்று கதை சொல்லும். மூன்றும் பொய். ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்து ஒற்றைச் சிலுவை நிற்கிற பழைய குருசடிக்குப் பக்கத்தில், ஒரு ஓலைக் குடிசை போட்டுக் கருவாடு காயவைத்துப் பிழைத்தாள். மடத்தை விட்டு வந்த பிறகும் ஊர் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டது.

பாதரிடம் பாவத்தைச் சொல்லியும் மனசு ஆறாதவர்கள் அவளிடம் வருவார்கள். அவள் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதற்குத்தான் வருவார்கள்.

இஞ்ஞாசி மூன்று வருஷமாக, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம்தோறும் வந்துகொண்டிருந்தார். குருசடியைக் கூட்டுங்க என்றாள், கூட்டினார். நாற்பது நாள் மீன் தொடாதீங்க என்றாள், தொடவில்லை. ஒரு வாரம் யாரிடமும் பேசாதீங்க என்றாள். பேசவில்லை. பேசாமல் இருப்பது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பேசாமல் இருந்தார்.

அன்றைக்கு மாதா கோயில் கொடியேற்றம். பத்தாம் நாள் தேர். தேருக்குப் பின்னால் ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி மணலில் உருளுவது அந்த ஊரின் நேர்ச்சை. பிள்ளை வேண்டி உருளுவார்கள். கடலில் தப்பிப் பிழைத்தவர்கள் உருளுவார்கள். ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் மூன்று வருஷம். பதினோரு வருஷம் விடாமல் உருண்டவர் இஞ்ஞாசி ஒருத்தர்தான்.

வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார்.

"பாருங்க."

கித்தேரி பார்த்தாள். "தோல் நல்லா தடிச்சிருக்கு."

"எல்லாம் தவம் சிஸ்டர்."

"வலிக்குதா?"

"முதல் ரெண்டு வருஷம் வலிச்சுது. இப்ப வலிக்கல."

"அப்ப எதுக்கு உருளுதீங்க?"

அவர் வேட்டியை இறக்கிவிட்டார்.

"இன்னும் பெரிசா ஏதாவது சொல்லுங்க. முள்ளு மேல உருளட்டுமா? ரெண்டு சுத்து வரட்டுமா? நீங்க சொன்னா செய்யுதேன்."

"செய்வீங்களா?"

"மாதா மேல ஆணையா."

"அப்ப இந்த வருஷம் உருளாதீங்க."

இஞ்ஞாசி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். விளையாடுகிறாளா என்று பார்த்தார். அவள் அடுத்த வரிசைக் கருவாட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

"உருளாம எப்படி? ஊரு என்ன நினைக்கும்?"

"ஊரு நினைக்கிறதுக்கா உருண்டீங்க?"

"அதுக்கில்ல. உருளாம நான் வேற என்ன செய்ய?"

"அதைத்தான் பாருங்க. உருளாம இருந்தா என்ன செய்யத் தோணுதுன்னு."

"இது ஒரு பதிலா?"

"பதில் வேணும்னா பாதர்கிட்ட போங்க. எனக்குக் கருவாடு புரட்டணும்."

அவர் போனார். கோபத்தில் ஒரு செருப்பை மணலில் விட்டுவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் செபஸ்தியாள் எதிரே வந்தாள். தலையில் காலி மீன் கூடை.

"அண்ணாச்சி, கொடி ஏறிட்டு. புதுக் குடம் வாங்கி வச்சிருக்கேன்."

உருளுகிறவருக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மணலைக் குளிர வைப்பதும் ஒரு நேர்ச்சை. தேர் புறப்படுவது உச்சி வெயிலில். தண்ணீர் விழாத மணலில் உடம்பை வைக்க முடியாது. பதினோரு வருஷமும் இஞ்ஞாசிக்குத் தண்ணீர் ஊற்றியவள் இந்தச் செபஸ்தியாள்தான். விதவை. அவள் புருஷன் தொம்மை கடலோடு போய்ப் பன்னிரண்டு வருஷம்.

"செபஸ்தியா, இந்த வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"இந்த வருஷமும் நான்தான் ஊத்துவேன். வேற ஆளு வந்தா விட மாட்டேன்." கூடையை இடுப்புக்கு மாற்றினாள். "உங்களை மாதிரி ஆளு இருக்கிற ஊருல பிறந்துட்டு, துணியப் பார்த்தும் போயிட்டாங்கன்னு சொல்லுதான் பாருங்க, நான் பெத்தது. அந்த நாக்கு அழுக வேண்டாமா அண்ணாச்சி?"

இஞ்ஞாசி வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். தொம்மையும் அவன் மகன் அலோசியும் போன வள்ளம் கவிழ்ந்தது. அலோசிக்கு அப்போது பதினாலு வயது. மறுநாள் காலை அடுத்த ஊர்க்காரர்கள் பையனை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

பையன் சொன்னது ஒன்றே ஒன்று. "துடுப்புல துணி கட்டித் தூக்கினேன். ஒரு வள்ளம் பார்த்துச்சு. பார்த்துட்டுப் போயிட்டு."

ஒருத்தரும் நம்பவில்லை. கடலில் துணி தூக்கினால் ஆபத்து என்று அர்த்தம், பார்த்தவன் போக வேண்டும். வலையை அறுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பகையாளி தூக்கினாலும் போக வேண்டும். அந்தக் கரையில் அதை மீறினவன் என்று ஒருத்தன் கிடையாது. அப்படியானால் பையன் சொல்வது பொய். அப்பனை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்துவிட்டு, இல்லாத ஒரு வள்ளத்தின் மேல் பழி போடுகிறான். ஊர் இப்படித்தான் முடிவு கட்டியது. பெற்றவளும் அப்படித்தான் முடிவு கட்டினாள்.

அதற்குப் பிறகு எந்த வள்ளமும் அலோசியை ஏற்றவில்லை. இப்போது இருபத்தாறு வயது. ஐஸ் கம்பெனியில் கட்டி சுமக்கிறான். அம்மாவும் மகனும் ஒரே வீடு. சோறு வைப்பாள். பேச மாட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

தேர் அன்றைக்கு அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தை நிரப்புவதும் அவன்தான். அவன் கையிலிருந்து அவள் வாங்க மாட்டாள். அவன் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போன பிறகுதான் வந்து எடுப்பாள்.

நாலாம் நாள் இஞ்ஞாசி மறுபடியும் குருசடிக்கு வந்தார். கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"நான் உருளத்தான் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. ஊருல உருள எங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"நீங்க சொன்னதை மூணு நாள் செஞ்சு பார்த்தேன். உருள மாட்டோம்னு நினைச்சாலே நெஞ்சு அடைக்குது. நீங்க சொன்னது தப்பு."

"இருக்கும்."

காக்கைகள் கருவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. கித்தேரி குடிசைச் சுவரில் சாத்தியிருந்த பழைய துடுப்பை எடுத்தாள். நுனியில் ஒரு துணியைக் கட்டினாள். பக்கத்துப் பாறை மேல் ஏறி நின்று, ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

காற்றில் துணி படபடத்தது.

"எறக்குங்க," என்றார் இஞ்ஞாசி.

"காக்கா வருது அண்ணே."

"எறக்குங்கன்னு சொல்லுதேன்."

"காக்காய்க்குத்தானே. உங்களுக்கு என்ன?"

"எறக்குட்டீ."

அவளை இதுவரை யாரும் டீ போட்டுக் கூப்பிட்டதில்லை. கித்தேரி துடுப்பை இறக்கினாள். பாறையிலிருந்து இறங்கி வந்தாள். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.  ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அதில் பாதி நெஞ்சில் சிந்தியது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? துணி கட்டினேன். நீங்க வேர்த்தீங்க."

"பொய் சொல்லாதீங்க."

"அலோசி பொய் சொல்லலன்னு தெரியும். எங்கிட்ட ஒரு நாள் எல்லாம் சொன்னான். மீதி இப்பத்தான் தெரியுது."

இஞ்ஞாசி மணலில் உட்கார்ந்தார்.  அப்புறம் அவராகவே பேசினார்.

"அன்னைக்கு நான் வள்ளத்துல பின்னால நிக்கேன். கூட வந்தவன் குனிஞ்சு வலை இழுத்துட்டிருந்தான். அவன் பார்க்கல. நான் பார்த்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"நல்ல தூரம் சிஸ்டர்."

"அப்புறம்?"

"வலை நிறைய பாரை மீன். வாழ்நாள்ல ஒரு தடவைதான் அப்படி விழும். பாதி வலை தண்ணிக்குள்ள கிடக்கு. அறுத்துட்டுப் போனா போச்சு. ஏத்திட்டுப் போவோம்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"ஏத்தி முடிச்சுப் பார்த்தா துணியைக் காணோம். வேற யாராவது போயிருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டேன்."

"போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். அப்ப இருந்த பாதர்கிட்ட. அழுதுட்டுதான் சொன்னேன். பாவ மன்னிப்பு குடுத்துட்டாரு. உருளுறது நானா எடுத்துக்கிட்டது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"மறுநாள் என்ன ஆச்சு?"

"பையனைக் கொண்டாந்தாங்க."

"அப்புறம்?"

"கொடிமரத்தடியில ஊர்க்கூட்டம். பையன் சொன்னான். எந்த வள்ளம்லேன்னு கேட்டாங்க. வெயில் கண்ணுல அடிச்சுது, தெரியலன்னான்."

"அப்புறம்?"

"ஆளாளுக்குப் பேசினாங்க."

"நீங்க?"

அலை ஒன்று வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது.

"நான் என்ன... எல்லாரும் நினைச்சதைத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"துணியப் பார்த்துட்டுப் போறவன் இந்தக் கரையில பிறந்திருக்க மாட்டான்னு."

கித்தேரி ஒரு கருவாட்டை எடுத்துப் புரட்டி வைத்தாள்.

"அதைப் பாதர்கிட்ட சொன்னீங்களா?"

"அதுல என்ன பாவம் இருக்கு? ஊரே அதைத்தானே..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் சொன்னது அவர்தான். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தலையாட்டினார்கள். செபஸ்தியாளும் அவர் சொன்ன பிறகுதான் மகனை விட்டுத் தள்ளிப்போய் நின்றாள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த உதட்டோடு பையன் அவரைப் பார்த்தான்.

பன்னிரண்டு வருஷமாக அவர் கண்ணை மூடினால் வருவது துணிதான். கடலுக்கு மேலே ஆடுகிற துணி. அந்தப் பையனின் முகம் ஒரு நாளும் வந்ததில்லை.

இப்போது வந்தது.

மணலைப் பார்த்தபடி கேட்டார். "ஊருக்கு முன்னால சொல்லணுமா?"

"நான் சொன்னேனா?"

"கடவுள் மன்னிச்சுட்டாருல்ல?"

"மன்னிச்சிருப்பாரு."

"அவரே மன்னிச்சதை எதுக்கு மறுபடி கிளறணும்?"

"நான் கிளறச் சொல்லல. உருளாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

"சிஸ்டர், ஊரு என்னை விலக்கி வச்சிரும். என் மகன் வள்ளத்துக்கு ஆளு வராது. அவன் ஐஸ் கட்டி தூக்கத்தான் போகணும்."

"அங்க ஒருத்தன் ரொம்ப நாளாத் தூக்குதான். துணைக்கு ஆச்சு."

இஞ்ஞாசி எழுந்தார். அவளை அடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார். பிறகு போய்விட்டார்.

அடுத்த ஐந்து நாளும் அவர் குருசடிப் பக்கம் வரவில்லை. நவநாள் பூசைக்கு மட்டும் போனார். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. சொத்தை அழித்த ஊதாரி மகன் அப்பனிடம் திரும்பி வந்த பைபிள் கதையைப் பாதர் சொன்னபோது, அந்த மகன் இன்னொருத்தன் மேல் பழி போட்டுவிட்டா வீட்டை விட்டுப் போனான் என்று யோசித்தார். அப்படி ஒன்றும் அதில் இல்லை. அவனுக்குச் சுலபம். பன்றி மேய்த்தான், எழுந்தான், வந்தான்.

பத்தாம் நாள். உச்சி வெயில். தேர் புறப்பட்டது.

மேளமும் வாத்தியமும் முன்னால் போயின. தேருக்குப் பின்னால் ஊரே நின்றது. செபஸ்தியாள் புதுக் குடத்தோடு தயாராக நின்றாள். அடிபம்பில் அலோசி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

இஞ்ஞாசி வந்தார். வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை. ரெண்டும் காய்ந்திருந்தது.

"என்ன மச்சான், இன்னும் நனையலையா?" என்றார் கமிட்டித் தலைவர். "தேரு போகுது. படுத்து உருளும்."

செபஸ்தியாள் முதல் குடத்தை ஊற்றிவிட்டாள். மணல் புஸ்ஸென்று ஆவி விட்டது. ஈரம் ஒரு ஆள் அகலத்துக்குப் பாய் விரித்த மாதிரி கிடந்தது.

அவருடைய முழங்கால் தானாக மடங்கியது. பழக்கம். ஒரு நிமிஷம் போதும். படுத்துவிட்டால் வானம், மணல், வானம், மணல். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு சுற்று முடிந்தால் இன்னொரு வருஷம் ஓடிவிடும்.

கூட்டத்தின் ஓரத்தில் கித்தேரி நின்றாள். திருவிழாவுக்கு வரவே வராதவள். அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை. கண் காட்டவில்லை. ஒன்றுமே செய்யவில்லை.

முழங்காலை நிமிர்த்தினார்.

"செபஸ்தியா. அன்னைக்கு அந்தத் துணியைப் பார்த்தது நான்தான்."

மேளத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"தொம்மை வள்ளத்துத் துணி. நான் பார்த்தேன்."

"சத்தமாச் சொல்லுங்க. மேளம் அடிக்காங்க."

மேளக்காரன் நிறுத்தவில்லை. அவனுக்கு என்ன தெரியும். இஞ்ஞாசி தொண்டை கிழியக் கத்தினார்.

"அலோசி சொன்னது நிஜம். அந்த வள்ளம் என் வள்ளம். பார்த்துட்டுப் போனவன் நான். கொடிமரத்தடியில பொய் சொன்னவனும் நான்தான்."

இப்போது எல்லாருக்கும் கேட்டது.

 கமிட்டித் தலைவர் இஞ்ஞாசியின் தோளைத் தொட்டார். "வெயில் தலைக்கு ஏறிட்டு. ஏலே, மாமாவுக்கு மோர் கொண்டா."

"வெயில் இல்ல. நிஜமாத்தான் சொல்லுதேன்."

"ஊர்ப் பாவத்தை எல்லாம் தன் தலையில போட்டுக்கிடுதாரு," என்றாள் ஒரு கிழவி. சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். "புனிதர்களுக்கு இப்படித்தான் தோணுமாம்."

ரெண்டு பேர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

 இதை இஞ்ஞாசி எதிர்பார்க்கவே இல்லை. கல் எறிவார்கள் என்று நினைத்து வந்தார். கும்பிடுகிறார்கள்.

செபஸ்தியாளின் கண் நிறைந்திருந்தது. "அண்ணாச்சி, என் மகன் மேல இருக்கிற பழியை நீங்க ஏக்க வேண்டாம். உங்களுக்குப் பெரிய மனசு. அவனுக்கு அதுக்குத் தகுதி இல்ல."

"நான் பொய் சொல்லல செபஸ்தியா."

"படுங்க அண்ணாச்சி. மணல் காயுது."

"நம்பு. ஏன் நம்ப மாட்டேங்கிற? நான்தான் பார்த்தேன்."

 பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மணலில் ஒரு பையன் நின்று, நம்புங்க, நம்புங்க என்று எத்தனை தடவை சொன்னான் என்று அவருக்கு நினைவில்லை. நிறையத் தடவை.

அடிபம்பின் சத்தம் நின்றிருந்தது.

"மஞ்சத் துணி," என்றார்.

செபஸ்தியாள் நிமிர்ந்தாள்.

"சோத்துச் சட்டி கட்டுற துணி. நடுவுல செவப்பா ஒரு ஒட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும்."

 அன்றைக்கு விடியற்காலையில் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். தன் பழைய சேலையைக் கிழித்து அந்த ஒட்டைத் தைத்தவளும் அவள்தான். துணி கடலோடு போய்விட்டது. என்ன துணி தூக்கினாய் என்று பையனை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"ஒட்டு தெரியிற தூரத்துல நின்னீங்களா?"

கித்தேரியிடம்கூட நல்ல தூரம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"நின்னேன்."

கூப்பிய கைகள் இறங்கின. கமிட்டித் தலைவர் அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். மேளம் தேரோடு கோயில் மூலையில் திரும்பிப் போய்விட்டது.

செபஸ்தியாள் குடத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இஞ்ஞாசி காத்து நின்றார். அடித்தால்கூட தேவலை என்று இருந்தது. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தாள்.

அவர் மணலில் மண்டியிட்டார். ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது. தடித்த தோலையும் தாண்டிச் சுட்டது.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு செபஸ்தியா. இல்லன்னா மன்னிக்க மாட்டேன்னாவது சொல்லு. எங்கிட்ட ஏதாவது சொல்லு."

அவள் இடது பக்கம் ஒரு அடி வைத்தாள். அவரும் மண்டியிட்டபடியே இடது பக்கம் நகர்ந்தார். அவள் வலது பக்கம் வந்தாள். அவரும் வந்தார்.

"அண்ணே."

கித்தேரி பக்கத்தில் நின்றாள்.

"சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. நான் இன்னும் என்ன செய்யணும்?"

"நகருங்க. நடுவுல இருக்கீங்க."

திரும்பிப் பார்த்தார். பின்னால் அடிபம்பு. அதன் பக்கத்தில் அலோசி.

நகர்ந்தார்.

செபஸ்தியாள் தண்ணீர் விழாத மணலில் வெறுங்காலோடு நடந்தாள். நிரம்பின குடத்தைக் கீழே வைத்துவிட்டு அலோசி வழக்கம்போலத் தள்ளிப் போகப் பார்த்தான்.

"நில்லுலே."

நின்றான்.

"எவ்வளவு நேரம்லே தூக்கிப் பிடிச்சிருந்த?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"கை மாத்தி மாத்தி," என்றான். "இருட்டுற வரைக்கும், அம்மா."